கிளினிக் கொப்பிக்குள் ஒரு பத்திரிகைத் துண்டு

2024 ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா வீட்டில் நான்கு நாட்கள் தங்கினேன். புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, எல்லோரும் படுத்த பின்னர், அக்கா அலுமாரியிலிருந்து பழைய பொலித்தீன் பையொன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தார். உள்ளே மருமகனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் கிளினிக் கொப்பியும் இருந்தன. கொப்பியின் நடுவே நான்காக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டு. மடிப்புகளில் எழுத்துகள் அழிந்துவிட்டிருந்தாலும் தலைப்பு மட்டும் தெளிவாகத் தெரிந்தது: ‘கர்ப்பிணியின் கவலை குழந்தையின் மரபணுவில் பதியும்’.

“இது நீ எழுதினதுதானே தம்பி?” என்று கேட்டார்.

என் பெயர் அதில் இல்லை. ஆனால் 2010 ஆம் ஆண்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவன் நான்தான் என்பது அக்காவுக்குத் தெரியும். ஓமென்றேன்.

“நான் அழுதபடியாலதான் பிள்ளைக்கு இப்பிடி வந்தது எண்டு இதிலை கிடக்கு. பதினாலு வருசமா வைச்சிருக்கிறன்.”

என் எழுத்துக்காக அமைச்சர்களிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். சட்டத்தரணிகளின் கடிதங்கள் வந்திருக்கின்றன. முப்பதாண்டுத் தொழிலில் இவ்வாறான ஒரு முறைப்பாட்டை நான் எதிர்கொண்டதில்லை. அன்றிரவு என்னிடம் பதில் இருக்கவில்லை. “வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன் அக்கா” என்று மட்டும் சொன்னேன். வாசிக்காமலா அன்று எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்த இரவில் அக்கா ஆறுமாதக் கர்ப்பிணி. மழை. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் அடிமேல் அடியாகத்தான் நகர முடிந்தது. அத்தான் வவுனியாவில் வேலை. இந்தப் பக்கம் வர வழியில்லை. அம்மாவும் அக்காவும் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், மீசாலையில் தூரத்து உறவினர் வீட்டு விறாந்தையில் ஒதுங்கினார்கள். அதே விறாந்தையில் வேறு மூன்று குடும்பங்கள். தை மாதக் கடைசியில் அங்கேதான் மருமகன் பிறந்தான். 1996 சித்திரையில் வலிகாமத்துக்குத் திரும்பியபோது வீட்டில் கூரை இருக்கவில்லை.

அந்த நாட்களில் நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் பயிலுநன். ‘ஐந்து இலட்சம் மக்கள் இடம்பெயர்வு’ என்ற செய்தியைச் செப்பனிட்டவர்களில் நானும் ஒருவன். அந்த ஐந்து இலட்சத்தில் எனது அக்கா எந்த மரத்தின் கீழ் இருக்கிறார் என்பது மூன்று மாதங்களாக எனக்குத் தெரியாது.

மீசாலையில் அக்கா எப்படி இருந்தார் என்பதை அம்மா பின்னர் ஒரே வரியில் சொல்லியிருக்கிறார்: “அவள் கதைக்கிறதை விட்டிட்டாள்.” சாப்பிடுவதில்லை, உறக்கமில்லை, விடியுமுன் எழுந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். வாயும் வயிறுமாக இருக்கிறவள் அழக்கூடாது, பிள்ளைக்குக் கூடாது என்று வந்தவர் போனவர் எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அழுவதற்கும் அவர் கிணற்றடிக்கே போகவேண்டியிருந்தது. இன்று அதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர் சொல்கிறோம். கவலை வேறு, இது வேறு. கவலைக்கு ஒரு காரணம் இருக்கும், அது தீர்ந்தால் தானும் தீரும். மனச்சோர்வு காரணம் தீர்ந்த பிறகும் நீங்காது, காரணமின்றியும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி வளர்முக நாடுகளில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 15.6 பேரும், பிள்ளை பெற்றவர்களில் 19.8 பேரும் ஏதோவொரு உளநலக் குறைபாட்டுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, உள்ளாகிறார்கள். ஆறில் ஒருத்தி, ஐந்தில் ஒருத்தி. நமது தாய்சேய் நலக் கிளினிக்கின் வாங்கு ஒன்றில் ஆறு பேர் இருப்பார்கள்.

மருமகன் சிறு வயதிலிருந்தே சத்தத்துக்கு வெருளுகிற பிள்ளை. ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உயர்தரப் பரீட்சைக்கு முன்னர் அறையை விட்டு வெளியே வருவதை நிறுத்தினான். இப்போது மருந்தெடுக்கிறான், வேலைக்குப் போகிறான். நல்ல நாட்களும் உண்டு, ஆகாத நாட்களும் உண்டு. இதற்குமேல் அவனைப்பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. இவ்வளவையும் அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

இனி அந்தப் பத்திரிகைத் துண்டு. வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்றின் கட்டுரையை ஒரு பின்னேரத்தில் தமிழாக்கி, இருந்த இடத்துக்கு ஏற்பக் கத்தரித்து, தலைப்புப் போட்டு அனுப்பினேன். கலைப்பட்டதாரியான எனக்கு எபிஜெனெற்றிக்ஸ் என்ற சொல் புதிது. ‘மரபணு’ என்று போட்டால் எல்லோருக்கும் விளங்கும் என்று நினைத்தேன். எல்லோருக்கும் விளங்கிற்று, பிழையாக விளங்கிற்று. ‘மரபணுவில் பதியும்’ என்றால் அழியாது, மாறாது, பேரப்பிள்ளை வரைக்கும் போகும் என்றுதானே வாசிக்கிறவர் எடுத்துக்கொள்வார்?

இச்சொல்லை 1942 இல் உருவாக்கியவர் பிரித்தானிய உயிரியலாளர் கொன்ராட் வடிங்டன். எங்கள் தொழிலை வைத்து இதனை விளக்கலாம். ஈய எழுத்துக் காலத்தில் துணை ஆசிரியர் ஒரு கட்டுரைப் பிரதியை எடுத்து, ஓரத்தில் பென்சிலால் ‘இதைத் தடித்த எழுத்தில் போடுக’, ‘இப்பந்தியை விடுக’ என்று குறித்து அச்சுக்கோப்பவரிடம் கொடுப்பார். பிரதியில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. ஆனால் அச்சில் வருவது அந்தக் குறிப்புகளின்படியே வரும். பரம்பரையலகு அந்தப் பிரதி. அதன்மீது மெதைல் என்ற சிறு இரசாயனத் தொகுதி, ஒரு காபன் அணுவும் மூன்று ஐதரசன் அணுக்களும், ஒட்டிக்கொள்வதே பென்சில் குறிப்பு. அது ஒட்டிய இடத்திலுள்ள அலகு பெரும்பாலும் அடங்கிப் போகும். பென்சில் குறிப்பை அழிக்கவும் முடியும், வேறொரு கை வந்து மாற்றவும் முடியும். 2010 இல் நான் எழுதத் தவறியது இதனைத்தான்.

கொழும்பு திரும்பியதும், அன்று தமிழாக்கிய கட்டுரைக்கு அடிப்படையான ஆய்வைத் தேடி வாசித்தேன். கனடாவின் வன்கூவரில் ரிம் ஓபர்லாண்டர் என்ற குழந்தை மருத்துவரும் அவரது குழுவினரும் செய்து 2008 இல் வெளியிட்டது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் மனச்சோர்வு கூடியிருந்தபோது, பிறந்த குழந்தையின் தொப்புள்கொடிக் குருதியில் குறிப்பிட்ட ஓர் அலகின் மீது மெதைல் கூடுதலாக ஒட்டியிருந்தது. கோட்டிசோல் எனும் ஓமோனை உணரும் வாங்கியை உருவாக்கும் அலகு அது. மூளையிலுள்ள இந்த வாங்கிகளே ‘ஆபத்து நீங்கிவிட்டது, போதும்’ என்று உடலுக்குச் சொல்பவை. அவை குறைந்தால் பதற்றம் அடங்க நேரமெடுக்கும். அந்த மெதைல் குறிப்புக் கூடியிருந்த குழந்தைகளின் உமிழ்நீரில், மூன்றாம் மாதத்தில் அவர்களைச் சற்றே சிரமப்படுத்திப் பார்த்தபோது, கோட்டிசோல் அதிகமாகச் சுரந்திருந்தது.

இவ்வளவே அந்த ஆய்வு. பங்குகொண்ட குழந்தைகள் நூற்றுக்கும் குறைவு. வித்தியாசம் சிறியது. பார்த்தது குருதியில், மூளையில் அல்ல. மூன்று மாதக் குழந்தைகளைப்பற்றிய ஆய்வு, அவர்கள் இருபது வயதில் என்ன ஆவார்கள் என்று சொல்லவேயில்லை. என் தலைப்பு சொன்னது.

நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வுகளும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சூழ்ந்த பகுதியில் 1991, 1992 ஆம் ஆண்டுகளில் கர்ப்பமுற்றிருந்த பதினாலாயிரத்துக்கும் அதிகமான பெண்களைப் பதிந்து, பிள்ளைகளை இன்றுவரை கவனித்து வருகிறார்கள். கர்ப்பகாலத்தில் கடும் பதற்றமோ சோர்வோ கொண்டிருந்த தாய்மாரின் பிள்ளைகளிடையே, பதின்மூன்று வயதளவில் உளநலச் சிக்கல் ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டது. இருமடங்கு என்பது பத்திரிகைக்காரனுக்கு மிகவும் பிடித்த சொல். எண்களை விரித்துப் பார்த்தால், நூற்றுக்கு ஆறேழு என்பது நூற்றுக்குப் பன்னிரண்டு ஆகியிருக்கிறது. மற்றைய எண்பத்தெட்டுப் பிள்ளைகளும் அதே கர்ப்பத்தில் இருந்து வந்தவர்கள்தான். அந்த எண்பத்தெட்டைத் தலைப்பில் போட எந்த ஆசிரியரும் இடந்தரமாட்டார். நானும் தந்திருக்க மாட்டேன்.

இரண்டாவது கேள்வி, தாயின் சோர்வு கருவை எந்த வழியால் எட்டுகிறது என்பது. ஓமோன் ஒரு வழி. ஆனால் சூல்வித்தகம் சும்மா இருப்பதில்லை. தாயின் குருதியிலுள்ள கோட்டிசோலின் பெரும்பகுதியை ஒரு நொதியத்தால் செயலற்றதாக்கிய பின்னரே உள்ளே விடுகிறது. மற்றொரு வழி, சோர்வுக்கு இலகுவில் ஆளாகும் இயல்பே தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரம்பரையாக வந்திருக்கலாம். இதனைப் பிரித்தறிய வேல்ஸின் கார்டிஃப் ஆய்வாளர்கள் 2010 இல் ஒரு சாதுரியமான வழியைக் கையாண்டார்கள். வேறொரு பெண்ணின் கருமுட்டையைச் சுமந்து பெற்ற தாய்மாரையும், தம் கருமுட்டையையே சுமந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். பிள்ளையின் முரட்டு நடத்தைக்கும் கர்ப்பகால மன அழுத்தத்துக்குமான தொடர்பு இரு சாராரிலும் இருந்தது. கவனக்குறைவுச் சிக்கலுக்கான தொடர்பு, பரம்பரை உறவுள்ளவர்களிடம் மட்டுமே இருந்தது. பிள்ளையின் பதற்றமோ, தாய் பின்னாளில் எவ்வாறிருக்கிறாள் என்பதோடு அதிகம் பிணைந்திருந்தது. ஒரே கயிறு என்று நான் எழுதியது உண்மையில் பல புரிகள்.

பின்னாள் என்றதும் எனக்கு 2006 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு ஆவணியில் முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்டபோது மருமகனுக்குப் பத்து வயது. ஊரடங்கு, பால்மாவுக்கும் சீனிக்கும் வரிசை, விடிந்தால் ஏதாவது சந்தியில் ஒரு சடலம். அவன் படலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆண்டு அதுதான். பத்து வயதுப் பிள்ளை வெளியே போகப் பயந்ததற்குக் காரணத்தைப் படலைக்கு வெளியே தேடாமல், பத்து வருடங்களுக்கு முந்திய விறாந்தையில் தேட அக்காவைப் பழக்கியது எனது தலைப்பு.

கனடாவின் இன்னோர் ஆய்வை இங்கே சொல்லவேண்டும். 1998 தை மாதம் கியூபெக் மாகாணத்தில் பனிப்புயலொன்று மின்கம்பிகளை முறித்துப் போட்டது. முப்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் மின்சாரமின்றி இருந்தனர். சில வீடுகளுக்கு ஐந்து வாரங்களாகியும் வரவில்லை. அப்போது கர்ப்பமாயிருந்த பெண்களை சூசன் கிங் என்ற உளவியலாளர் தேடிப் பதிந்தார். இரண்டு விடயங்களைத் தனித்தனியே கேட்டார்: எத்தனை நாள் மின்சாரம் இல்லை, வீட்டைவிட்டுப் போனீர்களா, என்ன இழப்பு என்பது ஒன்று, எவ்வளவு மனம் வருந்தினீர்கள் என்பது மற்றொன்று. பிள்ளைகளுக்குப் பதின்மூன்று வயதானபோது குருதிக் கலங்களைப் பார்த்தார்கள். 2014 இல் வெளியான முடிவின்படி, மெதைல் குறிப்புகள் முதலாவதோடு பொருந்தின. தாயின் மனவருத்தத்தோடு பொருந்தவில்லை. இருட்டில் இருந்த நாட்கள் பதிந்தன, வருந்திய அளவு பதியவில்லை. இதுவும் சிறிய ஆய்வுதான், நாற்பது பிள்ளைகள்கூட இல்லை. எனக்கு ஆறுதலாக இருக்கிறது என்பதற்காக இதைப் பெரிதாக்கினால் 2010 இல் செய்த அதே பிழையைத் தலைகீழாகச் செய்தவனாவேன்.

1944-45 குளிர்காலத்தில் ஜேர்மனியர் உணவுப் போக்குவரத்தைத் தடுத்ததனால் மேற்கு நெதர்லாந்து பட்டினி கிடந்தது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் மாண்டனர். அக்காலத்தில் கருவுற்ற பிள்ளைகளிடம், அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும், அவர்களது சொந்தச் சகோதரரிடமில்லாத மெதைல் வேறுபாடு காணப்பட்டதாக 2008 இல் அறிவித்தார்கள். அந்தத் தாய்மாரைப் பார்த்து ‘ஏன் பட்டினி கிடந்தீர்கள், பிள்ளைக்குக் கூடாதல்லவா’ என்று எவரும் கேட்டதில்லை. முற்றுகையைத்தான் குற்றம் சொல்கிறார்கள். மனச்சோர்வு என்று வந்ததும் மட்டும் முற்றுகை மறைந்து தாய் ஒருத்தியே மிஞ்சுகிறாள்.

இது புதிதன்று. அபிமன்யு வயிற்றிலிருந்தே சக்கரவியூகத்தை உடைக்கக் கற்றான், வெளியேறக் கற்கவில்லை என்று கதை சொல்வோம். ஏன் கற்கவில்லை? சுபத்திரை உறங்கிவிட்டாளாம். பல மகாரதர்கள் சூழ்ந்து ஒரு பையனைக் கொன்றதற்கும், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி கண்ணயர்ந்ததே காரணமாகிவிட்டது. சிறுவயதில் இக்கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த அநியாயம் இப்போதுதான் உறைக்கிறது.

அப்படியானால் ஒன்றும் செய்ய வேண்டாமா என்று கேட்பீர்கள். செய்ததற்குச் சான்று உண்டு. பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் என்ற உளமருத்துவரும் குழுவினரும் 903 கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள். வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர்கள், நமது மிட்வைவ் அக்காமாரைப் போன்றவர்கள், எளிய பயிற்சி பெற்று, கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பதினாறு தடவைகள் போய் முறையாகப் பேசினார்கள். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது பயிற்சி பெற்றவர்கள் சென்ற வீடுகளில் நூற்றுக்கு 23 தாய்மாரிடமே சோர்வு எஞ்சியிருந்தது. மற்றைய வீடுகளில் 53. இது 2008 இல் வெளிவந்தது. பின்னர் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைநூலாக்கிற்று.

இதன் தொடர்ச்சி ஒன்று உண்டு, அதனைப் பலர் சொல்வதில்லை. அப்பிள்ளைகளுக்கு ஏழு வயதானபோது மீண்டும் சோதித்தார்கள். அறிவிலோ உணர்விலோ வளர்த்தியிலோ இரு பகுதியினரிடையே வேறுபாடு காணப்படவில்லை. இதனை வாசித்தபோது முதலில் ஏமாற்றமடைந்தேன். பிறகு அந்த ஏமாற்றத்தை நினைத்து வெட்கப்பட்டேன். நூற்றுக்கணக்கான பெண்கள் இருளிலிருந்து வெளியே வந்திருக்கிறார்கள். அது போதாதென்று, பிள்ளையின் புள்ளிகள் கூடியதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மீசாலை விறாந்தையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எனது மருமகனின் தாய் மட்டுமல்ல, எனது அக்கா. அவருக்கு வயது அப்போது இருபத்தெட்டு.

இப்போது கர்ப்பமாயிருப்பவர்கள் எவராவது இதனை வாசித்தால் ஒரு விடயம்: மனச்சோர்வுக்கு மருந்தெடுப்பவர் இவ்வாறான செய்திகளை வாசித்துத் தாமாக மருந்தை நிறுத்தக்கூடாது. வைத்தியரோடு பேசியே எதுவும் செய்ய வேண்டும்.

2025 தை மாதம் மீண்டும் போனேன். வாசித்தவற்றை அக்காவுக்குச் சொன்னேன். பென்சில் குறிப்பு, எண்பத்தெட்டுப் பிள்ளைகள், பனிப்புயல் எல்லாம். பொறுமையாகக் கேட்டார். ஆனால் பதினாலு ஆண்டுகள் ஒருவர் மடித்து வைத்திருந்ததை, ஒரு பின்னேரத்தில் இன்னொரு கட்டுரை சொல்லி அழித்துவிட முடியுமென்று நான் எதிர்பார்த்தது பத்திரிகைக்காரப் புத்தி.

எடின்பரோவில் ஜோன் கொக்ஸ் என்ற உளமருத்துவரும் இருவரும் 1987 இல் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை ஆக்கினார்கள். கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று பிள்ளை பெற்றவளைக் கேட்பது. பின்னர் கர்ப்பிணிகளிடமும் கேட்கத் தொடங்கினார்கள். தமிழிலும் சிங்களத்திலும் பெயர்க்கப்பட்டிருக்கிறது. சிரிக்க முடிந்ததா, பயமாக இருந்ததா, அழுதீர்களா என்றெல்லாம் வரும். மூன்றாவது கேள்வி, ஏதேனும் பிழைத்துப்போனால் வீணாக உங்களை நீங்களே குற்றஞ்சாட்டுகிறீர்களா என்பது. தாள் என் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. தாளிலுள்ளவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு கேள்வியைக் கேட்டேன்.

“அக்கா, மீசாலையிலை அப்ப உங்களுக்கு எப்பிடி இருந்தது?”

அவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார். “பிள்ளை துடிக்குதோ எண்டு கேட்டவை. சாப்பிட்டனியோ எண்டு கேட்டவை.”

அதன்பின் சொல்லத் தொடங்கினார். நாவற்குழிப் பாலத்தில் ஒரு கிழவி தன் கைப்பையை அக்காவின் சைக்கிளில் கொழுவிவிட்டுக் கூட்டத்தில் காணாமற்போனதையும், அந்தப் பையில் ஒரு சேலையும் நாலு கோப்பைகளும் இருந்ததையும், கிழவி வருவாள் வருவாள் என்று மாசி வரைக்கும் அதை விறாந்தை வளையில் தொங்கவிட்டிருந்ததையும் சொன்னார். பிள்ளை பிறந்த அன்று அந்தச் சேலையைத்தான் கிழித்துத் துணியாக எடுத்தார்களாம். முப்பது வருடங்களாக இது எனக்குத் தெரியாது. அத்தான் எழும்பி வந்து கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியாது.

விடியப் புறப்படும்போது அந்தப் பத்திரிகைத் துண்டைத் தாருங்கள், நான் கொண்டுபோகிறேன் என்று கேட்டேன். அக்கா தரவில்லை. பிழை திருத்தம் எழுதினால் அதையும் அனுப்பு, இதோடை சேர்த்து வைக்கிறன் என்றார்.